முன்பாரம், பின்பாரம்

"இந்த டிராக்டர் எவ்வளவு எடை இருக்கும் அண்ணே?" என்று மருமகன் கேட்டான்.

"அம்பது ஹெச்.பி. தம்பி" என்றார் டிரைவர்.

கேட்டது எடை, வந்தது குதிரைத்திறன். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கும் தெரியாது என்பதால் நான் முந்திரி மரத்தைப் பார்த்தேன்.

வரதராஜன்பேட்டை, பொங்கலுக்கு ஐந்தாறு நாள் முன்பு. தெருவில் பாதி வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் இறக்காமல் தொங்கியது. பெரம்பலூரோடு சேர்ந்தும் பிரிந்தும் கிடந்த அரியலூர் 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. எந்த மாவட்டமானால் என்ன, செம்மண்ணும் முந்திரியும் மாறவில்லை. எங்கள் கொல்லையில் காய்ப்பு ஓய்ந்துபோன கிழட்டு மரங்கள் பத்துப் பன்னிரண்டை வெட்டிப் போட்டிருந்தோம். அந்த இடத்தில் ஒட்டுக்கன்று வைப்பதாக ஏற்பாடு. வெட்டிய கட்டையை விருத்தாசலம் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். டிராக்டரோடு நாங்களும் போய் எடை பார்த்துப் பணம் வாங்கி வர வேண்டும். இதுதான் பயணம். முப்பது சொச்சம் கிலோமீட்டருக்குப் பயணக் கட்டுரையா என்று சிரிக்கலாம். மெல்பர்னில் குடியிருக்கும் இந்த மருமகன், என் அக்கா மகன், லீவில் வந்திருந்தது இதைக் கட்டுரையாக்கிவிட்டது.

அவன் அங்கே கேரவன் வைத்திருக்கிறான். கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்பில் நடிகர் நடிகையர் போய் உட்காரும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். கேரளத்தில் 2021இல் அரசே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதில் ஓடுவதும் எஞ்சினோடு சேர்ந்த வண்டிதான். இவனுடையது வேறு ரகம். எஞ்சின் இல்லாத, சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு நாள் கணக்கில் ஊர் சுற்றுவார்கள். ஆகவே ஒன்றை இன்னொன்றின் பின்னால் கட்டி இழுப்பதைப் பார்த்தால் அவனுக்குக் கை துறுதுறுக்கும். எங்கள் டிராக்டரையும் டிரெய்லரையும் காலையிலிருந்து நாலு முறை சுற்றி வந்துவிட்டான்.

கட்டை ஏற்றிய பையன்கள் மரத்தின் தடித்த அடிப்பகுதியைப் பின்பக்கம் வைத்து அடுக்கியிருந்தார்கள். டிரெய்லரின் பின்கதவு வழியாக உருட்டித் தள்ள அதுதான் தோது. எண்பதைத் தாண்டிய பெரியப்பா வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் பண்ருட்டி வரைக்கும் பாரவண்டி ஓட்டியவர்.

"டேய், அடிமரத்த முன்னால திருப்பிப் போடுங்கடா. பின்பாரமா இருக்கு."

"டிராக்டர்தானே தாத்தா, இழுத்துடும்" என்றான் ஒருவன்.

"இழுக்கும்டா. நான் இழுக்காதுன்னா சொன்னேன்?" என்றார் பெரியப்பா. யாரும் திருப்பிப் போடவில்லை.

மருமகன் என்னிடம் மெதுவாக, "பின்பாரம்னா என்ன மாமா?" என்றான். நான் சொல்வதைவிட அவரே சொல்லட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா வலது முன்கையை நீட்டி, இடது கை விரலை அதன் நடுவில் குறுக்கே வைத்தார். விரல்தான் அச்சு, அதற்கு முன்னால் நீளும் பகுதி ஏர்க்கால், நுனியில் நுகத்தடி. முன்பக்கம் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பத்து மைலில் கழுத்து புண்ணாகிவிடும். பின்பக்கம் கூடினால் ஏர்க்கால் மேலே கிளம்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையைப் பிடித்து இறுக்கும். "மாட்டத் தூக்குல போட்ட மாதிரி" என்றார். பாரம் ஏற்றி முடித்ததும் ஒற்றைக் கையால் ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பாராம். கனமாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு ஆள் தூக்கும் கனம்தான். வழியில் மேடு வந்தால் வண்டிக்காரன் நகர்ந்து ஏர்க்காலின் மேல் உட்காருவான். இறக்கம் வந்தால் பின்னால் தள்ளிப் போவான். தன் உடம்பையே எடைக்கல்லாக்கி, வழி முழுக்கத் தராசை நேராக்கிக்கொண்டே போகிற வேலை.

மருமகன் வாயைப் பிளந்தான். அவன் ஊரில் இதற்கு ஒரு கணக்கே உண்டு என்றான். கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முன்கொக்கியின் மேல் அமுங்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் அளவு. இங்கிலாந்துக்காரர்கள் ஐந்திலிருந்து ஏழு சதவீதம் என்பார்கள். அங்கே கேரவன்களும் கார்களும் சின்னவை. இதை நிறுத்துப் பார்க்கத் தனியாக ஒரு குட்டித் தராசு கடைகளில் விற்கிறதாம். பெரியப்பாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "கை இல்லியா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

கிளம்பினோம். டிராக்டர் மட்கார்டில் உட்காரச் சொன்னார் டிரைவர். அப்படி உட்கார்ந்து போவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம்; தவறி விழுந்தால் நேரே பின்சக்கரத்துக்கு அடியில்தான் விழ வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் மருமகனும் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனோம். பின்னால் போனதும் நல்லதாகப் போயிற்று. முன்னால் போயிருந்தால் அந்த டிரெய்லர் வாலாட்டியது எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆண்டிமடம் வரும் வரை பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கொக்கியில் டங்கு டங்கென்று சத்தம். டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பிக் கொக்கியில் செருகிய இரும்புப் பின்னில் இடித்துவிட்டு இறங்குகிற சத்தம் அது. ஆண்டிமடம் தாண்டி நல்ல தார்ச்சாலை வந்து டிரைவர் கொஞ்சம் வேகம் எடுத்ததும் சத்தம் குறைந்தது, ஆட்டம் தொடங்கியது. முதலில் ஒரு சாண் இடது, ஒரு சாண் வலது. பிறகு ஒரு முழம். யானை நடக்கும்போது பின்பக்கம் அசையுமே, அது போல. மருமகன் என் தோளைத் தட்டி, "மாமா, ஹாரன் அடிங்க, நிக்கச் சொல்லுங்க" என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது.

டீக்கடை ஒன்றின் முன்னால் நிறுத்திய பிறகுதான் காரணத்தைச் சொன்னான். கேரவன் வாங்கிய புதிதில் மெல்பர்னிலிருந்து சிட்னி போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் அவனுக்கு இதே அனுபவம். வீட்டுச் சைக்கிள்கள் நான்கையும் கேரவனின் பின்பம்பரில் கட்டியிருந்தான். முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி காலி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெரிய லாரி முந்திப் போனது. அந்தக் காற்று ஒரு தள்ளு தள்ள, கேரவன் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கிவிட்டது. அவன் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப நெளிவு கூடியதே தவிரக் குறையவில்லை. கேரவன் சக்கரத்துக்கு மட்டும் தனியாகப் பிரேக் கொடுக்க டாஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு. அவன் மனைவி அதை அழுத்தியதால் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி வண்டி நேராயிற்று. "ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்க நேரா புடிச்சிக்கணும் மாமா. கால் பிரேக்க அழுத்தவே கூடாது. எனக்கு அது அப்புறம்தான் தெரிஞ்சது." அன்று ராத்திரி அவர்கள் எங்கேயோ ஓரமாக நிறுத்தி, கேரவனுக்குள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

டீக்கடை வாசலிலேயே பின்கதவைத் திறந்து நான்கு தடித்த கட்டைகளை முன்னால் மாற்றிப் போட்டோம். நான் போட்டேன் என்று சொன்னால் பொய். டிரைவரும் மருமகனும் போட்டார்கள், நான் டீ குடித்தேன். மறுபடி கிளம்பியதும் டங்கு சத்தம் நின்றுவிட்டது. வாலும் ஆடவில்லை. பெரியப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் கொல்லையிலேயே முடிந்திருக்கும்.

பாரத்தை முன்னால் தள்ளுவதற்கும் அளவு உண்டு. அளவு மீறினால் கொக்கி டிராக்டரின் வாலை அமுக்கும், முன்சக்கரங்கள் லேசாகிவிடும். கரும்பு ஏற்றி ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் மேட்டில் முன்சக்கரத்தைக் குதிரை மாதிரி தூக்கிக்கொண்டு போவதை நம்மில் பார்க்காதவர் யார்? டிரைவர்கள் அதை வீரமாகக்கூட நினைக்கிறார்கள். தரையில் படாத சக்கரம் எப்படித் திரும்பும்? கொக்கியை அதன் இடத்தைவிட உயரத்தில் மாட்டி இழுத்தாலும் இதே கதைதான். அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் டிராக்டர் அப்படியே பின்னால் புரளும், ஓட்டுபவர் அடியில். டிராக்டரின் மூக்கில் சிலர் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

முந்திரிக் காடுகள் முடியும் இடத்தில் வெள்ளாறு. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சி. ஜனவரியில் ஆற்றில் மணல்தான் அதிகம். ஓரமாக ஒரு ஓடை அளவுக்குத் தண்ணீர். பாலத்துக்கு இறங்கும் சரிவில் எங்களுக்கு முன்னால் போன இன்னொரு டிராக்டர் எஞ்சின் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நியூட்ரலில் விட்டிருக்கிறார். டீசல் மிச்சம் பிடிக்கிறாராம். எங்கள் டிரைவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. கியர் குறைத்து எஞ்சினை உறுமவிட்டுத்தான் இறங்கினார். அவர் செய்தது வேறு.

சரிவின் பாதியில் ஓர் ஆட்டு மந்தை சாலையில் ஏறிவிட்டது. அவர் பிரேக்கை மிதித்தார். டிராக்டரின் மூக்கு சட்டென்று வலது பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. இரண்டுக்கும் நடுவில் கொக்கி இருந்த இடத்தில் ஒரு முழங்கை மடங்குவதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் இதை "மடக்கிடுச்சி" என்பார்கள். மடக்கிய டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஓட்டுபவர்தான் இருப்பார். நல்ல காலம், வேகம் குறைவு. சாலைக்குக் குறுக்கே கோணலாக நின்றது. ஆடுகள் எதுவுமே நடக்காத மாதிரி போயின.

மருமகன் ஓடிப்போய்ப் பார்த்தான். டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு: இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் உழும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் நின்ற இடத்திலேயே திரும்பும், அதற்காகத்தான் இரண்டு. சாலைக்கு வந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். எங்கள் டிராக்டரில் அந்தத் தாழ்ப்பாள் சேறு அப்பி, துருவேறி, மடக்கியபடியே கிடந்தது. அவசரத்தில் அவர் கால் வலது பெடலில் மட்டும் விழுந்திருக்கிறது.

"மாட்ட மாட்டீங்களா அண்ணே?"

"மாட்டுனது இல்ல தம்பி. வாங்குனப்ப ஷோரூம்ல மாட்டித்தான் குடுத்தாங்க."

டிரெய்லருக்குப் பிரேக் உண்டா என்று அடுத்த கேள்வி. டிரைவருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. நம் ஊர் விவசாய டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. மொத்தப் பாரத்தையும் டிராக்டரின் பின்சக்கரம் இரண்டும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினாலே இழுபடும் வண்டிக்குப் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் வேண்டும், அதோடு கொக்கி கழன்றுவிட்டால் தானாகவே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் கொக்கியின் பின்னை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். பின் நழுவாமல் இருக்க, லாக்குக்குப் பதில் ஒரு கம்பித் துண்டை வளைத்துச் செருகியிருந்தார்கள்.

விருத்தாசலத்துக்கு வெளியே எடைமேடை. மருமகனுக்கு அது கோயில் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "மூணு எடை போடணும், மூணுக்கும் காசு குடுத்துடுறோம்" என்றான். அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். டிராக்டர் மட்டும் மேடையில், டிரெய்லர் சக்கரம் வெளியே: 2,620 கிலோ. முழு வண்டியும் மேடையில்: 8,640. சூளையில் கட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரைவரோடு டிராக்டர் மட்டும்: 2,140.

மூன்று சீட்டையும் டிராக்டர் பானெட்டின் மேல் வைத்துக் கணக்குப் போட்டான். கொக்கியில் அமுங்கிய பாரம் 480 கிலோ. கட்டையோடு டிரெய்லர் 6,500. ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. டீக்கடை வாசலில் குருட்டாம்போக்கில் மாற்றி அடுக்கியது இங்கிலாந்துக்காரன் கணக்குக்கு வந்து நின்றது. ஆனால் அடுத்த கணக்கில் அவன் முகம் மாறியது. இழுப்பது 2,140, இழுபடுவது 6,500. மூன்று மடங்கு.

இங்கிலாந்தில் புதிதாகக் கேரவன் இழுப்பவர்களுக்கு ஒரு பழைய அறிவுரை உண்டு: கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பார்கள். பழகியவர்களும் காரைவிடக் கனமான கேரவனை இழுப்பது நல்லதல்ல என்பார்கள்.  ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் கம்பெனி எழுதிக்கொடுத்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். மருமகன் சிக்கியதும் அங்கேதான். அவனுக்குப் பிக்கப் விற்றவர் "3,500 கிலோ இழுக்கும்" என்று மட்டும் சொன்னார். கையேட்டில் இன்னொரு எண் இருந்தது: பிக்கப்பும் கேரவனும் சேர்ந்து 6,000 கிலோவைத் தாண்டக் கூடாது. 3,500ஐக் கழித்தால் பிக்கப்புக்கு மிச்சம் 2,500. காலி பிக்கப்பே 2,150. மீதி 350 கிலோவில் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முன்னால் மாட்டிய இரும்புத் தடுப்பு, துணிமணி, ஐஸ்பெட்டி. கொக்கியில் அமுங்கும் பாரம் பிக்கப் சுமக்க அனுமதித்த பாரத்தில் வேறு சேரும். இதைப் போட்டுப் பார்த்த பிறகு அவன் 3,500க்கு ஆசைப்படாமல் 2,400 கிலோவுக்குள் அடங்கும் கேரவனாகப் பார்த்து மாற்றிக்கொண்டான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது. நம் டிராக்டர் விளம்பரங்களில் ஹெச்.பி. இருக்கிற மாதிரி.

அப்படியானால் மூன்று மடங்கை இழுத்துக்கொண்டு இத்தனை ஆயிரம் டிராக்டர்கள் எப்படி ஊர் போய்ச் சேருகின்றன? குறைந்த வேகம் காப்பாற்றுகிறது, வேறொன்றும் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. நான்கு மடங்கானால் பதினாறு. எங்கள் 6,500 கிலோ டிரெய்லர் 25 கிலோமீட்டர் வேகத்தில் போவதும், 400 கிலோ பாரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதும் நிறுத்தும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். டிராக்டர் மெதுவாகப் போகிறது என்று எரிச்சலோடு ஹாரன் அடிக்கிற நான், இதைக் கேட்ட பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டேன். இப்போது வரும் புது டிராக்டர்கள் சாலையில் சர்வசாதாரணமாக 30ஐத் தாண்டுகின்றன. டிரெய்லர் மட்டும் அதே பழைய பிரேக் இல்லாத டிரெய்லர். வேலை இல்லாத நாளில் அதே டிரெய்லரில் ஊர்ச் சனத்தையே ஏற்றிக்கொண்டு கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள். சட்டப்படி தப்பு. சட்டத்தை விடுங்கள், மேலே சொன்ன முழங்கை மடங்கும்போது உள்ளே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

கேரவன் பேச்சில் இன்னொரு தகவலையும் மருமகன் சொன்னான். உல்லாசத்துக்கென்று முதன்முதலில் கேரவன் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவராகச் சொல்லப்படுபவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வு பெற்ற கப்பற்படை டாக்டர். 1885இல் பிரிஸ்டல் பட்டறை ஒன்றில் செய்யச் சொன்னார். பெயர் 'வாண்டரர்', எடை ஏறக்குறைய இரண்டு டன், இழுத்தவை இரண்டு குதிரைகள்.  பெரியப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

சூளைக்காரர் பணத்தைக் கொடுத்தார். எதிர்பார்த்ததைவிடக் குறைவு; ஈரக் கட்டை என்று கழித்துவிட்டார். அந்த வழக்கை இங்கே எழுதப்போவதில்லை. கிளம்பும் முன் எடைமேடைக்குப் பக்கத்து மெக்கானிக் கடையில் கொஞ்சம் ஆயில் வாங்கி, பெடல் தாழ்ப்பாளில் விட்டு, சுத்தியால் நாலு தட்டுத் தட்டினோம். நகர்ந்தது. கம்பித் துண்டை எறிந்துவிட்டுப் பின்னுக்குச் சரியான லாக் ஒன்றும் வாங்கிப் போட்டார் டிரைவர். நீட்டிக்கொண்டிருந்த கட்டைகள் மறைத்திருந்த டிரெய்லரின் பின்பக்கம் இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது: விளக்கு இல்லை, சிவப்பு ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அதையும் புதிதாக ஒட்டினோம்.

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் இருட்டிவிட்டது. மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் நூறடி தூரத்திலிருந்தே மின்னியது. பெரியப்பா திண்ணையில் காத்திருந்தார். முதல் கேள்வி பணம் எவ்வளவு என்பது, இரண்டாவது, "எங்க திருப்பிப் போட்டீங்க?" என்பது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ டிராக்டர் இருந்தால், இரண்டு பிரேக் பெடலுக்கும் நடுவில் அந்தத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நகர்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். சாலையில் ஏற்றும் முன் அதை மாட்டச் சொல்லுங்கள்.